கினி மாத்திரை, புகைப் பந்து, தூங்க வைக்கும் சிரப்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: கும்பகோணத்தில் பழைய பொருட்கள் விற்கும் கடையில் 'குளோரோடைன்' என்று எழுத்து பொறித்த கண்ணாடிக் குப்பி ஒன்றை வாங்கினேன். "இது பேட்டன்ட் மருந்து சார், அந்தக் காலத்துல கவர்மென்டே சோதிச்சு ஸ்டாம்பு ஒட்டினது" என்று கடைக்காரர் சொன்னார். அது உண்மையா? குப்பியின் அடியில் கொஞ்சம் திரவமும் இருக்கிறது.

பதில்: முதலில் அந்தத் திரவம். மூடியைத் திறக்காதீர்கள், முகர்ந்தும் பார்க்க வேண்டாம். குளோரோடைனில் இருந்தவை அபின் கரைசல், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம். இந்தியாவில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் காலிஸ் பிரௌன் காலராவுக்காக உருவாக்கிய மருந்து அது. அபின் இருந்ததால் வயிற்றுப்போக்கும் வலியும் அடங்கும். ஆனால் காலராவில் உயிரைப் பறிப்பது உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும். அதை ஈடுகட்ட இந்த மருந்தில் எதுவும் இல்லை.

இனி 'பேட்டன்ட்', அதாவது காப்புரிமை விஷயம். அந்தக் காலத்து 'பேட்டன்ட் மருந்து'களில் பெரும்பாலானவற்றுக்கு பேட்டன்டே கிடையாது. பேட்டன்ட் வாங்க வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும். ரகசியத்தையே முதலாக வைத்து வியாபாரம் செய்தவர்கள் அதற்கு ஏன் போகப்போகிறார்கள்? பெயர், லேபிள், குப்பியின் வடிவம் ஆகியவற்றைத்தான் அவர்கள் காத்துக்கொண்டார்கள்.

ஸ்டாம்பு ஒட்டியிருந்தது உண்மை. ஆனால் அது வரி வில்லை. 1783-இல் பிரிட்டனில் மருந்துகளுக்கு முத்திரை வரி வந்தது. பின்னாளில் ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள பெட்டிக்கு வரி 1½ பென்ஸ் என்று ஆனது. அதனால்தான் அந்தக் கால விளம்பரங்களில் '1 ஷில்லிங் 1½ பென்ஸ்' என்ற விசித்திரமான விலை திரும்பத் திரும்ப வருகிறது. வரி கட்டியதற்கான அந்த வில்லையைத் தயாரிப்பாளர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். அதில் தங்கள் பெயரையும் பொறிக்க வைத்து, "அரசு முத்திரையில் எங்கள் பெயர் இல்லாதது போலி" என்று விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர் கண்ணுக்கு அது அரசாங்கமே கொடுத்த நற்சான்றாகத் தெரிந்தது. கடைசியில், "இந்த முத்திரை அரசின் உத்தரவாதம் ஆகாது" என்று அந்த வில்லையிலேயே அச்சடிக்க வேண்டியதாயிற்று. உங்கள் கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லப்பட்டுவரும் கதையைத்தான் அவரும் சொல்லியிருக்கிறார்.

அப்புறம், குப்பியின் பக்கவாட்டில் ஓடும் வார்ப்புக்கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறினால் அது இயந்திரத்தில் வார்த்தது, 1900-க்குப் பிந்தையது. 'விக்டோரியா காலம்' என்று சொல்லி விலை ஏற்றியிருந்தால் போய்க் கேளுங்கள்.

கேள்வி: சட்டக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். கார்பாலிக் புகைப் பந்து வழக்கை ஒப்பந்தச் சட்ட வகுப்பில் நடத்தினார்கள். நுகர்வோர் என்ற முறையில் பார்த்தால் அந்த அம்மாவுக்கு நிஜமாகவே வெற்றிதானா?

பதில்: வெற்றிதான். ஆனால் எதில் வெற்றி என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1889-90-இல் தொடங்கிய இன்ஃப்ளுயன்சா தொற்று லண்டனை உலுக்கிக்கொண்டிருந்தது. கார்பாலிக் அமிலப் பொடி நிரப்பிய ரப்பர் பந்து ஒன்று சந்தைக்கு வந்தது. குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அமுக்க வேண்டும். பொடி ஏறியதும் தும்மலும் மூக்கொழுகலும் வரும். விலை 10 ஷில்லிங். தினம் மூன்று வேளை வீதம் இரண்டு வாரம் பயன்படுத்தியும் இன்ஃப்ளுயன்சா வந்தால் 100 பவுண்டு தருவோம் என்று 1891 நவம்பரில் விளம்பரம் வந்தது. எங்கள் வார்த்தைக்குச் சாட்சியாக ரீஜென்ட் தெருவிலுள்ள அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்றும் சேர்த்திருந்தார்கள்.

லூயிசா கார்லில் அதை நம்பி வாங்கினார். சொன்னபடியே பயன்படுத்தினார். 1892 ஜனவரி 17 அன்று இன்ஃப்ளுயன்சா வந்தது. அவர் கணவர் வழக்கறிஞர். பணம் கேட்டுக் கடிதம் போனது, கம்பெனி மறுத்தது, வழக்கானது. விசாரணையில் கம்பெனிக்காக வாதாடியவர்களில் ஒருவர் அஸ்க்வித், பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர். விளம்பரம் என்றால் கொஞ்சம் மிகைப்படுத்தல் இருக்கத்தான் செய்யும், ஊர் உலகத்தோடெல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா, இந்த அம்மா 'சம்மதம்' என்று எங்களுக்கு எழுதவே இல்லையே என்றெல்லாம் கம்பெனி தரப்பு வாதாடியது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் 1892 டிசம்பரில் இவை அனைத்தையும் தள்ளியது. விளையாட்டாகச் சொன்ன பேச்சு என்றால் வங்கியில் 1,000 பவுண்டு எதற்கு என்று கேட்டது. காணாமல் போன நாய்க்குச் சன்மானம் என்று அறிவித்தால், தேடக் கிளம்பும் ஒவ்வொருவரும் 'நான் தேடப் போகிறேன்' என்று கடிதம் போட்டுவிட்டா போவார்கள் என்பது நீதிபதி போவென் காட்டிய உதாரணம். சொன்ன நிபந்தனையை நிறைவேற்றுவதே சம்மதம் என்றது தீர்ப்பு. நம் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது. உங்கள் வகுப்பில் வந்த காரணமும் அதுவாகத்தான் இருக்கும்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீதிமன்றம் எடைபோட்டது வாக்குறுதியை. பந்து நோயைத் தடுக்குமா என்ற கேள்விக்குள் அது போகவில்லை. அதனால் விற்பனையும் நிற்கவில்லை. 1893-இல் அதே கம்பெனி 200 பவுண்டு பரிசு என்று புது விளம்பரம் போட்டது. இந்த முறை, நிபந்தனைகளைக் கேட்டு வாங்கி, கையெழுத்திட்டு, சிகிச்சையைத் தொடங்கும் முன்பே லண்டன் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுவும் மார்ச் 31 வரைதான். 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இன்று ஒவ்வொரு விளம்பரத்தின் அடியிலும் பொடி எழுத்தில் வருகிறதே, அதே உத்திதான் இது. "குணமாகாவிட்டால் பணம் வாபஸ்" என்று யாராவது சொன்னால் அந்த விளம்பரத்தையும் பில்லையும் பத்திரமாக வைத்திருங்கள். பணம் திரும்பி வர அது உதவும். மருந்து நல்லதா என்பதற்கு அந்த வாபஸ் உறுதிமொழி எந்த ஆதாரமும் இல்லை.

கேள்வி: எல்லாமே ஏமாற்று என்றால் மக்கள் ஏன் திரும்பத் திரும்ப வாங்கினார்கள்? கொஞ்சமாவது வேலை செய்திருக்க வேண்டுமே?

பதில்: வேலை செய்தது. என் பயமே வேலை செய்தவற்றைப் பற்றித்தான்.

'காட்ஃப்ரி கார்டியல்' என்று ஒரு குழந்தை மருந்து. அபினும் வெல்லப்பாகு போன்ற சர்க்கரைப் பாகும் கலந்தது. பஞ்சாலை ஊர்களில் வேலைக்குப் போகும் தாய்மாரும், அவர்களிடம் காசு வாங்கிக்கொண்டு பிள்ளை பார்த்தவர்களும் இதைக் கொடுத்தார்கள். அழுத பிள்ளை அமைதியாகத் தூங்கும். கடைக்குக் கடை கலவை மாறும். அபின் அடியில் தங்கிவிட்டால் குப்பியின் கடைசிக் கரண்டிகள் அதிக வீரியமாகிவிடும். அபின் அதிகமாகி இறந்த பிள்ளைகள் உண்டு. அரை மயக்கத்திலேயே கிடந்து, பால் குடிக்காமல், எலும்பும் தோலுமாகி இறந்த பிள்ளைகளும் உண்டு. பின்னதில் பழி மருந்தின்மேல் விழாது. பிள்ளை நோஞ்சான் என்று சொல்லிவிடுவார்கள். 1868-இல் பிரிட்டன் அபின் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோதுகூட பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்கு கொடுத்தது. அந்த வரியை முதன்முதலில் படித்தபோது எனக்கு மனசு ஆறவே இல்லை.

அமெரிக்காவின் 'திருமதி வின்ஸ்லோ சிரப்' 1849-இலிருந்து பல் முளைக்கும் குழந்தைகளுக்காக விற்கப்பட்டது. ஒரு அவுன்ஸில் சுமார் 65 மில்லிகிராம் மார்ஃபின். ஒரு தேக்கரண்டிக்குக் கணக்குப் போட்டால் 10 மில்லிகிராமுக்கு மேல் வரும். இன்று வளர்ந்த ஒருவருக்கே கடும் வலிக்கு மருத்துவர் யோசித்துக் கொடுக்கும் அளவு அது. லேபிளில் மார்ஃபின் என்ற சொல்லே கிடையாது. 1906-இல் அமெரிக்கச் சட்டம் வந்து, மார்ஃபின், அபின், மது இருந்தால் லேபிளில் போட்டே ஆக வேண்டும் என்ற பிறகுதான் தாய்மாருக்கு விஷயம் தெரிந்தது.

இதில் நான் இவ்வளவு நேரம் நிற்பதற்குக் காரணம் உண்டு. என் பெரியப்பாவுக்கு மூட்டுவலி. தெரிந்தவர் சொன்னார் என்று ஓரிடத்தில் சூரணம் வாங்கினார். மூன்றாம் நாள் மாடிப்படி ஏறினார். வீடே கொண்டாடியது, நானும்தான். ஆறு மாதத்தில் முகம் உப்பியது, சர்க்கரை எகிறியது. மருத்துவர் முகத்தைப் பார்த்ததுமே சூரணத்தைக் கொண்டுவரச் சொன்னார். பரிசோதித்ததில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அன்றிலிருந்து, 'உடனே கேட்டது' என்று யாராவது சொன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி ஒன்றைப் பார்த்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள்.

கேள்வி: குணமானவர்களின் பெயர், படத்தோடு வரும் கடிதங்களை நம்பலாமா?

பதில்: கூடாது. மாசசூசெட்ஸில் லிடியா பிங்க்ஹாம் என்ற பெண்மணியின் பெயரில் பெண்களுக்கான மூலிகை டானிக் விற்றது. மூலிகையோடு அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சாராயம். உங்கள் கஷ்டத்தைத் திருமதி பிங்க்ஹாமுக்கு எழுதுங்கள் என்று அழைப்பார்கள், பதிலும் வரும். அவர் 1883-லேயே காலமாகிவிட்டார். கடிதங்கள் தொடர்ந்தன. 1905-இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறைக் கல்லைப் படமெடுத்துப் போட்ட பிறகுதான் பலருக்குத் தெரியவந்தது.

கேள்வி: அந்தக் கம்பெனிகளெல்லாம் என்ன ஆயின?

பதில்: பீச்சம் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 'பெட்டி ஒரு கினி பெறும்' என்பது பீச்சம் மாத்திரையின் புகழ்பெற்ற வாசகம். கினி என்றால் 21 ஷில்லிங். விற்றது 1 ஷில்லிங் 1½ பென்ஸுக்கு. எனவே வாங்குபவருக்குப் பெரிய லாபம் போலத் தெரியும். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இப்படிப்பட்ட மருந்துகளை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்து ஒரு நூலாகவே வெளியிட்டது. பீச்சம் மாத்திரையில் கிடைத்தவை மூசாம்பரம், சுக்குப் பொடி, சோப்பு. மூசாம்பரம் என்றால் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதே உலர்ந்த கற்றாழைப் பால், நல்ல பேதி மருந்து. 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்கவிலை அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. வரியைக் கழித்தால் மீதி ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ், சரக்கின் விலையைப்போல் 96 மடங்கு. மலச்சிக்கலுக்கு அது உண்மையிலேயே கேட்கும். மற்ற நோய்களின் பட்டியலெல்லாம் காகிதத்தில் மட்டும்தான்.

இதன் பிறகு நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தது. அறிக்கை வெளிவந்த 1914 ஆகஸ்டில் உலகப் போர் தொடங்கியதால் அது அப்படியே கிடப்பில் போனது. உள்ளே இருப்பதை லேபிளில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் பிரிட்டனில் 1941-இல்தான் வந்தது. அதே சட்டம்தான் அந்த முத்திரை வரியையும் ஒழித்தது.

பீச்சம் கம்பெனி பின்னாளில் ஆராய்ச்சிக்கூடம் அமைத்தது. 1957-இல் அதன் விஞ்ஞானிகள் பெனிசிலினின் மையக் கூறைப் பிரித்தெடுத்தார்கள். 1961-இல் ஆம்பிசிலின் வந்தது, 1972-இல் அமாக்ஸிசிலின். உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் மருத்துவர் எழுதிக் கொடுத்த அமாக்ஸிசிலின் அட்டை இருந்தால் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், தயாரித்த நாள், காலாவதி நாள் எல்லாம் அச்சாகியிருக்கும். எத்தனை கினி பெறும் என்று மட்டும் எங்கும் இருக்காது.