கேள்வி – பதில்: கதை வாசித்து இணையத்தில் போடலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கதை நன்றாக வாசிப்பேன். பாட்காஸ்ட், அதாவது இணையத்தில் தொடராகப் போடும் ஒலி நிகழ்ச்சி, தொடங்கச் சொல்கிறாள் மகள். ஏற்கெனவே இத்தனை பேர் செய்கிறார்களே, இனி எனக்கு இடம் இருக்குமா? பிடித்த எழுத்தாளர்களின் கதைகளையே வாசிக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக இடம் இருக்கிறதம்மா. 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகுதான் இங்கே ஒலிக்கதைகள் வேகமாகப் பெருகின. 2017-இல் ஸ்டோரிடெல் என்ற ஒலிப்புத்தகச் செயலி இந்தியாவுக்கு வந்தது, 2018-இல் குக்கு எஃப்எம், பாக்கெட் எஃப்எம் என்ற ஒலிக்கதைச் செயலிகள் தொடங்கின, 2019-இல் பாட்டும் பாட்காஸ்டும் கேட்கும் ஸ்பாட்டிஃபை செயலி வந்தது. வெங்காயம் நறுக்கும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் கண்ணுக்கும் கைக்கும் வேலை இருக்கும், காது சும்மாதான் இருக்கும். அந்த நேரத்துக்குத்தான் இத்தனை நிறுவனங்களும் போட்டி போடுகின்றன.

கருவிக்காகச் செலவழிக்க வேண்டாம். ஃபேனை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் உட்கார்ந்து போனிலேயே பதியுங்கள், எதிரொலி நன்றாகக் குறையும்.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். இந்தியச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. புதுமைப்பித்தன் மறைந்தது 1948-இல், கல்கி 1954-இல். இவர்களை யாரும் வாசிக்கலாம். ஆனால் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் கதையின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்தால், செகாவுக்கு உரிமை முடிந்திருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனியாக உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வாழும் எழுத்தாளரின் முழுக் கதையையும் கேட்காமல் ஏற்றிவிட்டு, கீழே ‘நன்றி’ என்று போட்டால் அது அனுமதி ஆகாது. காசு வாங்கவில்லை என்பதும் பதில் இல்லை. தமிழில் எழுதிப் பிழைப்பது எவ்வளவு சிரமம் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்; ஒலிப்புத்தகம் அவர்களுக்குக் கிடைத்திருக்கும் ஒரு புது வருமானம், அதில் நாம் கைவைக்கக் கூடாது. உங்களுக்குப் பிடித்தவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். சம்மதித்தால், எந்தக் கதை, எங்கே வெளியிடப் போகிறீர்கள், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கி வையுங்கள். பதிப்பகத்திடம் உரிமை இருந்தால் அவர்களையும் கேட்க வேண்டும்.

அதுவரை புதுமைப்பித்தனின் சிறிய கதை ஒன்றைப் பதிந்து, மகளிடம் இயர்போனைக் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். எங்கே கவனம் சிதறியது என்று மட்டும் கேளுங்கள், அந்த இடத்தைத் திரும்ப வாசியுங்கள்.