பிள்ளை அழுதால் உடனே பெட்டி கட்டாதீர்கள்

ஆடி, ஆவணி வந்தால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். மாமியார் மருமகள் வழக்கெல்லாம் கொஞ்சம் ஓய்ந்து, காலேஜில் விட்டுவிட்டு வந்த பிள்ளையைப் பற்றியே எல்லாரும் எழுதுவார்கள். பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பெண்கள் விடுதிக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் மகன் படித்தது சென்னை ஐஐடியில். அதனால்தான் இந்தக் கேள்விகளைப் பத்திரிகை ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிடுகிறார். இந்த இதழ் முழுக்க அதுதான்.

கேள்வி: மகன் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டையும் நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய பள்ளியில் படித்தான். எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருவான். இப்போது சென்னை ஐஐடி. முதல் குவிஸ் தேர்வில் 20-க்கு 7. "இங்க எல்லாரும் என்னைவிடப் பெரிய ஆளுங்கம்மா, நான் தெரியாம வந்துட்டேன்" என்று ராத்திரி போனில் அழுகிறான். நாமக்கல்லில் இருந்தபோது ஒருநாளும் அழுததில்லை. கூட்டிவந்து கோயமுத்தூரிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார் அவன் அப்பா. எனக்குச் சோறு இறங்கவில்லை.
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். அவன் அநேகமாகச் சாப்பிட்டிருப்பான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் விடுதியில் சத்தியமங்கலம் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து அம்மாவிடம் அரைமணி நேரம் போனில் தேம்பித் தேம்பி அழுவாள். போனை வைத்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்து, தோழிகளோடு சிரித்துப் பேசியபடி மூன்று தோசை சாப்பிடுவாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவள் அம்மாவும் அத்தையும் கண் வீங்க வந்து நிற்பார்கள், பெட்டியைக் கட்டு என்று. "எதுக்கும்மா வந்தீங்க?" என்பாள் அவள். பாரத்தை உங்களிடம் இறக்கிவிட்டுப் பிள்ளை இலேசாகப் போய்விடுகிறது. ராத்திரி முழுக்க அதைச் சுமப்பது நீங்கள். அவன் இறக்கி வைக்க ஓர் இடம் இருக்கிறதே, அதுதான் இந்த முதல் வாரங்களில் நீங்கள் செய்யும் பெரிய உதவி. போனை எடுங்கள், முழுக்கக் கேளுங்கள். தீர்ப்பு மட்டும் அன்று ராத்திரியே சொல்லாதீர்கள். கோயமுத்தூர்ப் பேச்சை அவன் காதில் போடவே வேண்டாம். "உன்னால் முடியாது என்று நாங்களும் நினைக்கிறோம்" என்றுதான் அது அவனுக்குக் கேட்கும்.

நாமக்கல்லில் அழவில்லை என்கிறீர்கள். அங்கே அழ நேரம் ஏது? விடியற்காலை எழுப்பிவிட ஆள், படிக்கும் நேரத்துக்கு மணி, வாரம் தவறாமல் தேர்வு, பலகையில் ரேங்க். நாளை முழுசாக வேறொருவர் திட்டமிட்டுக் கொடுத்தார்கள். ஐஐடியில் காலை எட்டு மணிக்கு வகுப்பு. போனாயா என்று கேட்க ஆள் கிடையாது. ஆனால் வருகை 85 சதவீதத்துக்குக் கீழே போனால் செமஸ்டர் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஏற்கெனவே விடுதியில் இருந்து பழகியவன்தானே என்று நாம் நினைக்கிறோம். அந்த விடுதிப் பழக்கம் இங்கே பாதிதான் உதவும். தானாக எழுந்து, எதைப் படிப்பது எதை விடுவது என்று தானே முடிவெடுப்பதை அவன் இப்போதுதான் தொடங்குகிறான். அதற்கு ஒரு செமஸ்டராவது ஆகும்.

அடுத்து அந்த 7. ஐஐடியில் வெறும் மதிப்பெண்ணுக்குத் தனியாக மதிப்பில்லை. வகுப்பில் மற்றவர்கள் எவ்வளவு வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கிரேடு போடுவார்கள். எஸ் என்றால் 10 புள்ளி, ஏ என்றால் 9, பி 8, சி 7, டி 6, ஈ 4. வினாத்தாள் கடினமாக இருந்து வகுப்பே 6, 8 என்று வாங்கியிருந்தால் உங்கள் மகன் நடுவில் நிற்கிறான். "வகுப்பு சராசரி எவ்வளவு கண்ணு?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். இரண்டாவது குவிஸ் இருக்கிறது, செமஸ்டர் தேர்வு இருக்கிறது. அந்த வகுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த பிள்ளைதான். அத்தனை பேரும் மறுபடி முதலாவதாக வர முடியாது. இது அவனுக்கு இப்போது புரிய ஆரம்பித்திருக்கிறது. ஊரில் நமக்கு இன்னும் புரியவில்லை.

ஊர் என்றதும் இன்னொன்று. பள்ளிக்கூடத்தார் உங்கள் மகன் படத்தைப் போட்டு பஸ் நிலையத்தில் பிளெக்ஸ் வைத்திருப்பார்கள். அப்பாரு டீக்கடையில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பார். பெருமைப்படட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் "மாமா ஒருத்தர் பேசணுங்கறாரு, அவரு பையன் ஜேஇஇ எழுதப்போறான், நாலு வார்த்தை சொல்லு" என்று அவனிடம் போனைக் கொடுப்பதை இந்த செமஸ்டர் முடியும்வரை நிறுத்திவையுங்கள். 7 வாங்கியவன் அடுத்தவனுக்கு என்ன யோசனை சொல்லுவான்? அந்த பிளெக்ஸை நினைத்துத்தான் பாதிப் பிள்ளைகள் வீட்டில் உண்மையைச் சொல்வதில்லை. உங்கள் மகன் சொல்லியிருக்கிறான். அதுவே எனக்குப் பெரிய தைரியம் கொடுக்கிறது.

ஆனால் ஒன்று. அழுதுவிட்டுச் சாப்பிடப் போகிற பிள்ளை வேறு. நாள் கணக்கில் தூங்காமல், அறையை விட்டு வெளியே வராமல், வகுப்புக்கும் மெஸ்ஸுக்கும் போகாமல், முன்பு பேசியவர்களிடமும் பேச்சை நிறுத்திவிட்ட பிள்ளை வேறு. "நான் இருந்து என்ன" என்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தாலும் நான் மேலே சொன்னது எதையும் பார்க்க வேண்டாம். அவனைத் தனியாக விடாமல் இருக்கச் சொல்லி விடுதிக் காப்பாளருக்கோ அறை நண்பனுக்கோ போன் செய்துவிட்டு அன்றைக்கே கிளம்புங்கள். ஈரோட்டில் ராத்திரி ரயில் ஏறினால் விடிகிற நேரத்தில் சென்னையில் இருக்கலாம். வளாகத்துக்குள்ளேயே மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இந்த எண்ணை இன்றைக்கே அவன் போனிலும் உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.

கேள்வி: எனக்கு மஞ்சள் விவசாயம். ஒரே மகள், அவளும் சென்னை ஐஐடிதான். ஆடி 18-க்கு வீட்டில் எல்லாரும் சேர்ந்து வீடியோவில் கூப்பிட்டோம். பிள்ளைகள் தூரி ஆடுவதைக் காட்டினோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்துவிட்டாள். சனிக்கிழமை தோறும் அரிசிம்பருப்புச் சோறு கட்டிக்கொண்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் போய் வரலாம் என்றிருக்கிறேன். போகலாமுங்களா?
— ஒரு தந்தை, பவானி

பதில்: ஒருமுறை போய் வாருங்கள், உங்கள் மனசுக்காக. வாரா வாரம் வேண்டாமுங்க. அங்கே பிள்ளைகள் ஒன்றாகச் சைக்கிளில் சுற்றுவதும் கூட்டமாகச் சினிமாவுக்குப் போவதும், எந்த மன்றத்தில் சேரலாம் என்று எட்டிப்பார்ப்பதும் சனி, ஞாயிறில்தான். அந்த நேரத்தில் உங்கள் மகள் தூக்குப்போசியோடு வாசலில் நிற்கும் அப்பாவுக்காக அறையில் காத்திருந்தால், திங்கட்கிழமை சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு ஆள் இருக்காது. மெஸ்ஸில் தென்னிந்தியச் சாப்பாடு கிடைக்கும், பட்டினி கிடக்கமாட்டாள்.

போகும்போது சோறு வேண்டாம். கச்சாயம், எள்ளுருண்டை, முறுக்கு மாதிரி நாலு நாள் தாங்குவதாக, அறைத்தோழிக்கும் சேர்த்துக் கொண்டுபோங்கள். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள். ஜன்னலோரம் வைக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அந்த வளாகம் கிண்டிக் காட்டை ஒட்டியது, மான்களும் உண்டு, குரங்குகளும் உண்டு. மான் சாது. திறந்த ஜன்னலைக் குரங்கு விடாது. என் மகனுக்கு நான் கொடுத்தனுப்பிய முதல் டப்பா அதற்குத்தான் போய்ச் சேர்ந்தது.

நோம்பி, பண்டிகை அன்றைக்கு வீடியோ போடுவதைப் பற்றி: கூப்பிடுங்கள், ஆனால் அவள் பேசட்டும். தூரியையும் பலகாரத்தையும் வரிசையாகக் காட்டினால் பெரியவர்களுக்கே தொண்டை அடைக்கும்.

கேள்வி: மகன் சேர்ந்த கல்லூரியில் முதலாண்டுப் பெற்றோர்கள் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். தினமும் இருநூறு செய்தி வருகிறது. யார் பிள்ளை எந்த மன்றத்தில் சேர்ந்தது, யார் கோடிங் வகுப்புக்குப் போகிறது என்றெல்லாம் பார்த்தால் என் மகன் பின்தங்கிவிட்டான் போலிருக்கிறது. மதிப்பெண் கேட்டு அலுவலகத்துக்குப் போன் செய்தால், "பையனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். பணம் கட்டுவது நான்தானே?
— பனியன் கம்பெனிக்காரர், திருப்பூர்

பதில்: பணம் கட்டுவது நீங்கள்தான், பதினெட்டு வயதானது அவனுக்கு. அலுவலகத்தில் சொன்னது சரிதான். மதிப்பெண் அவன் கணக்கில் ஏறும், அவன் காட்டினால் பாருங்கள்.

குழுவைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் காட்டமானது. அதில் உருப்படியாக வருவது கட்டணத் தேதியும் விடுமுறைத் தேதியும்தான். மீதியெல்லாம் யார் வீட்டுப் பிள்ளை ஒசத்தி என்ற பேச்சு. நேரில் பேச முடியாததைக் குழுவில் பேசுகிறார்கள். அறிவிப்பை அணைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒருதரம் பாருங்கள். மெஸ் சாப்பாட்டைப் பற்றி உங்கள் மகன் உங்களிடம் சொன்னதை அதில் போட்டுவிடாதீர்கள். அது சுற்றிச் சுற்றி அவன் வகுப்புக்கே போய்ச் சேரும், அதற்கப்புறம் அவன் உங்களிடம் எதையும் சொல்லமாட்டான்.

கேள்வி: மகனுக்கு ஜார்க்கண்ட் மாநிலத்து தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்திருக்கிறது. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. சீனியர்கள் என்ன செய்வார்களோ என்று வேறு பயம். தூரத்தை நினைத்தால் நெஞ்சு படபடக்கிறது.
— ஒரு தாய், காங்கேயம்

பதில்: சுரங்கப் படிப்புக்காக 1926-இல் தொடங்கிய பழைய நிறுவனம் அது. 2016-இல் ஐஐடி ஆனது. தூரம்தான், ஆனால் வண்டி மாற வேண்டியதில்லை. ஆலப்புழையிலிருந்து தன்பாத் போகும் எக்ஸ்பிரஸ் திருப்பூர், ஈரோடு வழியாகத்தான் போகிறது. ரயிலில் இரண்டு ராத்திரி. முதல்முறை அப்பா கூடப் போய் வரட்டும். பெட்டியில் ஒரு சென்னிமலைப் போர்வையும், குளிருக்கு நல்ல ஸ்வெட்டரும் வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் அங்கே அடிக்கும் குளிர் காங்கேயத்துக்காரனுக்குப் பழக்கமில்லாதது.

பாடம் ஆங்கிலத்தில். ஹிந்தி தேவைப்படுவது மெஸ்ஸிலும் கடையிலும் ஆட்டோவிலும், அரட்டையிலும். அதை அங்கேயே பொறுக்கிக்கொள்வான். தமிழ்ப் பிள்ளைகள் சிலர் எப்படியும் இருப்பார்கள், அவர்களே முதலில் வந்து பேசுவார்கள். ஆனால் அவர்களோடு மட்டுமே ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி அனுப்புங்கள்.

ராகிங்குக்குப் பயந்து இடத்தை விட்டுவிட வேண்டாம். சேர்க்கையின்போது அவனும் நீங்களும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கொடுப்பீர்கள். எதுவும் நடந்தால் தேசிய உதவி எண் 1800-180-5522. பெயர் சொல்லித்தான் புகார் கொடுக்க வேண்டுமே என்று பிள்ளைகள் தயங்குவார்கள். "எது நடந்தாலும் எனக்குச் சொல், உன்னைக் கேட்காமல் நான் யாருக்கும் போன் செய்யமாட்டேன்" என்று இப்போதே சொல்லிவையுங்கள். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் கேட்காமல் செய்வேன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: தறி ஓட்டுகிறேன். மகளுக்கு ஐஐடி. வருசத்துக்கு இரண்டு லட்சம் டியூஷன் கட்டணம், அதாவது படிப்புக் கட்டணம் என்கிறார்கள். கடன் வாங்கவா?
— குமாரபாளையம் வாசகர்

பதில்: கடனுக்கு முன்னால் வருமானச் சான்று வாங்குங்கள். குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் டியூஷன் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. ஒன்றிலிருந்து ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வருமானம் பார்க்காமலே முழுத் தள்ளுபடி. விடுதியும் மெஸ்ஸும் தனிக் கணக்கு. மகள் ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவளா? ஐஐடி போன்ற இடங்களில் சேரும் அப்படிப்பட்ட பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்பதாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. படித்த பள்ளியின் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் சான்று வருவதற்குச் சில நாள் ஆகும், நாளைக்கே போங்கள். வட்டிக்காரரிடம் போக வேண்டாம்.

கேள்வி: தீபாவளி நோம்பிக்கு வருவாயா சாமி என்று சென்னையில் படிக்கும் பேரனைக் கேட்டால் "தெரியலை ஆத்தா" என்கிறான். டிக்கெட் எடுத்து வைக்கலாமா?
— ஒரு பாட்டி, சென்னிமலை

பதில்: அவனுக்கே தெரிந்திருக்காதுங்க ஆத்தா. தீபாவளியை ஒட்டித் தேர்வு வருமா வராதா என்று கல்லூரி அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முன்பு 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைத்து, முந்தின நாள் ராத்திரி அவனைக் கேளுங்கள். வருவதற்கு அவன் எப்படியாவது ஏறி வந்துவிடுவான். திரும்பிப் போகும் டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும். நோம்பி முடிந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸும் நீலகிரி எக்ஸ்பிரஸும் கோயமுத்தூர்ப் பக்கமிருந்தே நிரம்பி வரும். இரண்டிலும் கிடைக்காவிட்டால் ஏற்காடு எக்ஸ்பிரஸைப் பாருங்கள், அதிலும் இல்லாவிட்டால் பஸ்தான்.