நெருக்கடியான நாட்களில் சாப்பாடும் உடற்பயிற்சியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். அவரைக் கவனிப்பதில் காலைச் சாப்பாடு பாதி நாள் கிடையாது. ஐந்து காபி குடிக்கிறேன். ராத்திரி எல்லோரும் தூங்கியபின் கை மிக்சர் டப்பாவைத் தேடுகிறது. எடை கூடிவிட்டது. என்ன டயட் இருக்கலாம்?
வாசகி (41), தஞ்சாவூர்

இப்போதைக்கு எந்த டயட்டும் வேண்டாம். பகலில் வயிற்றைக் காயப்போட்டதற்குத்தான் ராத்திரியில் பசி வந்து நிற்கிறது. மன அழுத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் சுரப்பும் கூடுவதால் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமுமாகக் கேட்கும். இதை மன உறுதியால் மட்டும் தடுக்க முடியாது. காலை ஒன்பதுக்குள் புரதத்தோடு சாப்பிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

மாமனாருக்குக் கஞ்சி வைக்கும்போதே பக்கத்து அடுப்பில் இரண்டு முட்டை வேகட்டும். சுமார் 12 கிராம் புரதம் கிடைக்கும். சைவம் என்றால், 50 கிராம் கொண்டைக்கடலையை இரவே ஊறப்போட்டு வேகவைத்தால் ஏறத்தாழ 10 கிராம். இட்லிக்குச் சட்னி மட்டும் தொட்டுக்கொண்டால் பதினொரு மணிக்கே பசிக்கும். சாம்பாரில் மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்காமல், அடியில் தங்கிய பருப்போடு ஒரு கிண்ணம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

காபிக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் ஐந்து காபிக்கு 40 கிராமுக்குக் குறையாது. எடை ஏறியதற்கு மிக்சரைக் குறை சொல்வதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். காபியை ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும்; நாலு நாளுக்கு ஒன்றாகக் குறைத்து இரண்டில் நிறுத்துங்கள். கடைசிக் காபி மதியம் இரண்டு மணிக்குள் முடியட்டும். காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள்; கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். ஒரு மணி நேர இடைவெளி விடுங்கள்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு முறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பீர்கள். பகலில் அப்படிச் செய்யும் ஒவ்வொரு முறையும், முடிந்தவுடன் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுந்திருங்கள். தொடைக்கும் இடுப்புக்கும் பலம் ஏறினால்தான் உங்கள் முதுகு தப்பும். புரட்டும்போது கட்டிலை ஒட்டி நின்று, ஒரு காலை முன்வைத்து, முழங்காலை மடக்குங்கள். எட்ட நின்று குனிந்து, இடுப்பைத் திருகி இழுத்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். இழுப்பதற்கு அவருக்கு அடியில் மடித்த போர்வை ஒன்று கிடக்கட்டும்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். மகள் கல்யாண அலைச்சலில் மதியச் சாப்பாடு தவறினால் கை நடுங்கி வியர்த்துக் கொட்டுகிறது. டென்ஷன்தானே?
வாசகர் (54), விருதுநகர்

டென்ஷன் என்று விட்டுவிடாதீர்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கும். நடுக்கம் வந்தவுடன் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மறுபடியும் குடியுங்கள். தெளிந்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். இதற்குச் சாக்லேட் உதவாது; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

வேலை போய்விடுமோ என்ற கவலையில் தூக்கம் இல்லை. ஓடினால் மனசு லேசாகும் என்றார்கள். இரவு ஒன்பதரைக்கு 5 கிலோமீட்டர் ஓட ஆரம்பித்தேன். இரண்டாம் வாரமே முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி.
வாசகர் (33), கோவை

ஓடினால் மனசு லேசாகும் என்பது உண்மைதான். ஆனால் மூச்சுக்கும் இதயத்துக்கும் சீக்கிரம் பழகிவிடுவது எலும்புக்குப் பழகப் பல வாரங்கள் ஆகும். ஓட்டத்தை நிறுத்துங்கள். மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்து நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில், வலிக்காத அளவுக்கு நடங்கள். ஐந்து நாள் நடந்தால் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் அதிலேயே வந்துவிடும். மூச்சு வாங்கும் பயிற்சி எதுவானாலும் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடியட்டும். படபடப்பு அடங்காமல் தூக்கம் வராது.

வலி முற்றிலும் போனபின், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கலாம். எலும்பில் விரலால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தாலோ நுண்விரிசலாக இருக்கலாம். அப்படியானால் நடைப்பயிற்சியையும் நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போகலாம்; வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள்.