தூணில் 219, எலும்பில் 188

அன்புள்ள ஐயா,

டென்மார்க்காரர்கள் கட்டிய தரங்கம்பாடிக் கோட்டை பற்றிய கட்டுரையில் டென்மார்க் அரச குடும்பத்தை மரியாதையோடு குறிப்பிட்டிருந்தீர்கள். படிக்கச் சங்கடமாக இருந்தது. நம் நாட்டில் மன்னர் மானியத்தை 1971-லேயே ஒழித்துவிட்டோம். அங்கே இன்னும் மக்கள் வரிப்பணத்தில் அரண்மனையில் வாழ்கிறார்கள். கேட்டால் வரலாறு, மரபு என்கிறார்கள். அந்த வரலாறு அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதைதானே? ஒன்று மட்டும் என்னை அசைத்ததுண்டு. இரண்டாம் உலகப் போரில் யூதர்களுக்காக டென்மார்க் மன்னர் மஞ்சள் நட்சத்திரம் அணிந்து குதிரையில் வலம் வந்தார் என்று படித்திருக்கிறேன். அப்படி ஒரு நல்ல செயலுக்காக ஒரு வம்சத்தையே சுமக்க வேண்டுமா?

தங்கள் வாசகன்,
மயிலாடுதுறை

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த நட்சத்திரம். அது நடக்கவே இல்லை. டென்மார்க் யூதர்கள் அடையாளத்துக்காக நட்சத்திரம் அணிய வேண்டும் என்று ஜெர்மானியர்கள் உத்தரவு போடவில்லை. எனவே மன்னர் அணியவேண்டிய வேளையும் வரவில்லை. நாடு 1940 ஏப்ரல் 9 அன்று ஆக்கிரமிக்கப்பட்ட பிறகும் மன்னர் பத்தாம் கிறிஸ்டியன் காவலர் இல்லாமல் கோபன்ஹேகன் தெருக்களில் குதிரையில் போய்வந்தார். அது உண்மை. மக்களுக்கு அது பெரிய தெம்பு. ஆனால் 1943 அக்டோபரில் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களை இரவோடு இரவாகக் கடல் தாண்டி ஸ்வீடனில் சேர்த்தவர்கள் மீனவர்கள், மருத்துவர்கள், பாதிரியார்கள், பெயர் தெரியாத குடும்பத்தார். நட்சத்திரத்தை மன்னரின் மார்பில் குத்தும்போதெல்லாம் படகு வலித்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆகவே, தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்ட கதை என்று நீங்கள் சந்தேகப்படுவது சரிதான். என் மரியாதையும் அந்தச் சந்தேகத்தை ஒட்டியதுதான். எப்படி என்று சொல்கிறேன்.

டென்மார்க்கின் ரோஸ்கில்டு நகரில் செங்கல்லால் கட்டிய பழைய பேராலயம் ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 40 அரசர்களும் அரசிகளும் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். முதலாம் கிறிஸ்டியனின் சிற்றாலயத்தில் ஒரு கருங்கல் தூண். வந்துபோன அரச குடும்பத்தினரின் உயரத்தை அதில் கோடு போட்டுக் குறித்திருக்கிறார்கள், நம் வீடுகளில் கதவு நிலையில் பிள்ளைகளின் உயரத்தைக் குறிப்பதுபோல. எல்லாவற்றிலும் உயரமான கோடு முதலாம் கிறிஸ்டியனுடையது: சுமார் 219 சென்டிமீட்டர். அவருடைய எலும்பை அளந்தபோது கிடைத்ததோ 188 சென்டிமீட்டர்தான். ஓர் அடி அளவுக்கு மெய்க்கீர்த்தி! நான் மதிப்பது என்னவென்றால், தூணில் இருந்த குறியை யாரும் அழிக்கவில்லை, எலும்பின் கணக்கையும் மறைக்கவில்லை. இன்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

52 ஆண்டுகள் அரசியாக இருந்து 2024 ஜனவரி 14 அன்று மகனுக்கு வழிவிட்ட மார்கரெத், இளம் வயதில் கேம்பிரிட்ஜில் தொல்லியல் படித்தவர். தாய்வழித் தாத்தாவான ஸ்வீடன் மன்னர் ஆறாம் குஸ்தாவ் அடால்ஃபும் மண்வெட்டி பிடித்து அகழாய்வில் இறங்கியவர். யெல்லிங் என்ற ஊரில் ஒரு தேவாலயத்தின் தரைக்கடியில் 1970-களில் ஓர் ஆணின் எலும்புகள் கிடைத்தன. இந்த வம்சத்தின் மூதாதையான பத்தாம் நூற்றாண்டு மன்னர் கோர்முடையதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். உறுதி இல்லை. அதை ஆராய்ந்து முடித்து 2000-ஆம் ஆண்டு மார்கரெத் முன்னிலையில் மறுபடி அங்கேயே அடக்கம் செய்தார்கள். தன் முப்பாட்டனார் ஆய்வு மேசையில் கிடப்பதை ஓர் அரச குடும்பம் ஒத்துக்கொள்வது சின்ன விஷயமா? (அந்தக் கோர்மின் மகன் ஹரால்டு ப்ளூடூத். உங்கள் கைப்பேசியில் இருக்கும் ப்ளூடூத் அவர் பெயர்தான்.)

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய நான்காம் கிறிஸ்டியன் 1644-இல் ஒரு கடற்போரில் காயம்பட்டு ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். அன்று அவர் உடுத்தியிருந்த ஆடை இரத்தக் கறையோடு கோபன்ஹேகனின் ரோசன்போர்க் மாளிகையில் இருக்கிறது. மன்னராட்சி முழு அதிகாரத்தோடு இருந்த 1838-லேயே அந்த மாளிகையைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அதே நகரத்து ஆவணக் காப்பகத்தில், 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் அந்த மன்னருக்கு அனுப்பிய பொன்னோலை இருக்கிறது. தங்கத் தகட்டில் தமிழ் எழுத்து. அது உருக்கி விற்கப்படாமல் 400 ஆண்டுகள் தப்பியிருக்கிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

ஆனால் அளக்க வேண்டியது இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. அரச குடும்பம் வசிக்கும் அமலியன்போர்க்கில், நான்கு மாளிகைகளின் நடுவே ஐந்தாம் ஃபிரெடெரிக் குதிரைமேல் வெண்கலச் சிலையாக நிற்கிறார். அதற்குப் பணம் கொடுத்தது டென்மார்க்கின் ஆசியக் கம்பெனி. சீனத் தேயிலையிலும் சோழமண்டலத் துணியிலும் வியாபாரம் செய்து, தரங்கம்பாடியை 1777 வரை கையில் வைத்திருந்த கம்பெனி அது. கரீபியன் தீவுகளில் டென்மார்க் கொடியின் கீழ் 1848 வரை அடிமைகள் கரும்பு வெட்டினார்கள். அந்தத் தீவுகளை 1917-இல் அமெரிக்காவுக்கு 2.5 கோடி டாலருக்கு விற்றார்கள். தரங்கம்பாடியை அதற்கும் முன்பே, 1845-இல், ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். இரண்டு இடத்திலும் அங்கே வாழ்ந்த நம்மைப் போன்றவர்களை யாரும் முறைப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதையெல்லாம் அந்தச் சிலையின் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும் என்றே நானும் சொல்வேன்.

மன்னராட்சி வேண்டும் என்று நான் வாதாடவில்லை. மானியத்தை நாம் ஒழித்தது சரி. டென்மார்க் மக்கள் நாளைக்கே வேண்டாம் என்று முடிவெடுத்தால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இருக்கும்வரை அந்தக் குடும்பத்துக்கு ஒரு வாசல் இருக்கிறது. பழைய கணக்கைக் கேட்க வருகிறவன் போய் நிற்க ஓர் இடம். கம்பெனிகளுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. கலைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

போன வருஷம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் கோட்டைக்கு எதிரே கடற்கரையில் ஒரு வயதான மீனவர் தைல டப்பாவைத் திறந்து ஒரு செப்புக் காசைக் காட்டினார். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. உப்பேறிப் பச்சை பூத்திருந்தது. ஈரவிரலால் தேய்த்தபோது ஒரு கிரீடமும், அதன்கீழ் 'சி' என்ற ரோமன் எழுத்தும், அதற்குள் ஒரு 7-ம் தெரிந்தன. ஏழாம் கிறிஸ்டியன்.

"அந்த ராசா வம்சம் இன்னும் இருக்குதா சார்?"

இருக்கிறது என்றேன்.

"கடுதாசி போட்டா போய்ச் சேருமா?"

சேரும் என்றேன். தாளை வாங்கி முகவரி எழுதிக் கொடுத்தேன்.