வெடி வைக்கும் வேலைக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலையைக் கற்கப் போகிறேன் என்று பிள்ளை சொன்னால் பெற்றோருக்கு வயிற்றில் புளி கரைப்பது இயல்பு. பயம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அந்தப் பயம் முழுக்கப் பொத்தானை அழுத்தும் ஒரு நொடியின் மேல்தான் இருக்கிறது. அந்த நொடியில் வெடிவைப்பவர் தொலைவில், பாதுகாப்பான மறைவிடத்தில் நிற்கிறார். ஆபத்து அதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள மணி நேரங்களில் இருக்கிறது. திறந்தவெளிச் சுரங்கங்களிலும் குவாரிகளிலும் வெடிவைப்பில் உயிர் போவதற்கு மீண்டும் மீண்டும் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: எதிர்பாராத தூரத்துக்குப் பறந்து வந்த கல், வெளியேறாமல் உள்ளே நின்றுவிட்ட ஆள். முதலாவது பெரும்பாலும் அளவில் நடந்த பிழை, இரண்டாவது ஆட்களை எண்ணியதில் நடந்த பிழை. ஆகவே பிள்ளைக்குத் தைரியம் இருக்கிறதா என்பதைவிட, முடித்த வேலையை மறுபடி சரிபார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலைநாள் எப்படிப் போகும் என்று தெரிந்தால் இது புரியும். துளை போடுபவர் எழுதிக் கொடுத்த குறிப்போடு காலையில் தொடங்கும். எந்தக் குழியில் எத்தனை மீட்டரில் மண் வந்தது, எங்கே வெடிப்பு இருந்தது, எதில் தண்ணீர் நிற்கிறது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அதை நம்பி அப்படியே வெடிமருந்தை இறக்கக் கூடாது. ஒவ்வொரு குழியையும் நாடா விட்டு அளக்க வேண்டும். முன்வரிசைக் குழிக்கும் பாறை முகப்புக்கும் நடுவே உள்ள தூரத்துக்கு ‘பர்டன்’ என்று பெயர். அது ஓரிடத்தில் குறைந்திருந்தால் அந்த இடம் வழியாகக் கல் சிதறிப் பறக்கும். கூடியிருந்தால் பாறை முன்னால் நகராமல், வாயு மேல்பக்கம் கிழித்துக்கொண்டு வரும். தரை அதிர்வும் கூடும்.

மருந்து நிரப்பும்போது எத்தனை கிலோ உள்ளே போனது, மட்டம் எவ்வளவு ஏறியது என்று இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கணக்குப்படி இரண்டு மீட்டர் ஏற வேண்டிய அளவு போட்டும் மட்டம் ஏறவில்லை என்றால், பாறைக்குள் பொந்து இருக்கிறது என்று அர்த்தம். குழி நிறையும்வரை கொட்டிக்கொண்டே இருப்பவர் அந்தப் பொந்துக்குள் ஒரு மூட்டை ஆபத்தைச் சேர்த்து வைக்கிறார். குழியின் மேல்பகுதியை அடைக்கும் ஸ்டெம்மிங் வேலையைப் புதியவர்கள் அலட்சியமாகச் செய்வார்கள். துளையிட்டபோது வந்த தூளைத் தள்ளி அடைத்தால் அது எளிதில் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். கோணல் முனைகள் உள்ள சல்லிதான் ஒன்றோடொன்று இறுகி வாயுவைப் பிடித்து வைக்கும். அதன் உயரத்தில் அரை மீட்டர் குறைந்தாலும் விளைவு தெரியும்.

கணக்கு பெரிய கணக்கு அல்ல, ஆனால் தப்பக் கூடாது. பர்டன் 3 மீட்டர், குழிக்குக் குழி இடைவெளி 3.5 மீட்டர், படிபோல் வெட்டிய பாறையின் உயரம் 10 மீட்டர் என்றால் ஒரு குழி உடைக்கும் பாறை 105 கன மீட்டர். 40 குழிக்கு 4,200 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன் என்று வைத்தால் 10,500 டன். செலவான மருந்தின் கிலோவைக் கன மீட்டரால் வகுத்தால் ஒரு கன மீட்டருக்கு எவ்வளவு மருந்து என்று கிடைக்கும். இந்த எண்ணைத்தான் மேலாளர் தினமும் கேட்பார். பக்கத்தில் வீடு இருந்தால் இன்னொரு கணக்கு வரும். வீடு இருக்கும் தூரத்தை, ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்து எடையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 300 மீட்டர் தூரத்தில் வீடு, ஒரே நேரத்தில் 100 கிலோ என்றால் 300-ஐ 10-ஆல் வகுத்து 30. அதையே 25 கிலோவாகப் பிரித்து வெடித்தால் 60. எண் கூடக் கூட அதிர்வு குறையும். 8 மில்லி செகண்டுக்குள் வெடிப்பவற்றையெல்லாம் ஒரே வெடியாகச் சேர்த்து எண்ணுவது நெடுநாள் வழக்கம். பத்தாம் வகுப்புக் கணக்கை ஒழுங்காகப் போடும் பிள்ளைக்கு இது போதும். கால்குலேட்டரில் வந்த எண் பொருந்துகிறதா என்று சந்தேகப்படும் புத்தி கூடுதலாக வேண்டும்.

குழியில் உள்ள மருந்தை வெடிக்கத் தூண்டும் சிறு கருவிதான் டெட்டனேட்டர்; தொழிலாளர்கள் அதை ‘கேப்’ என்பார்கள். 1831-இல் வில்லியம் பிக்ஃபோர்டு உருவாக்கிய பாதுகாப்புத் திரி இன்றும் சில இடங்களில் இருக்கிறது; அதை நம்பித் தொழிலைக் கற்க வேண்டாம். மின்சார டெட்டனேட்டருக்கு மின்னல், நிலைமின்சாரம், கசிவு மின்சாரம், ரேடியோ அலை எல்லாமே எதிரி. ஷாக் டியூப் என்பது உள்ளே மெல்லிய வெடிபொருள் பூச்சு உள்ள பிளாஸ்டிக் குழாய்; அதில் நொடிக்குச் சுமார் 2,000 மீட்டர் வேகத்தில் அதிர்வலை ஓடி டெட்டனேட்டரைத் தூண்டுகிறது. மின்கம்பி இல்லாததால் கசிவு மின்சாரத் தொல்லை பெரிதும் குறைகிறது. ஆனாலும் இடி மின்னல் நெருங்கினால் எந்த முறையானாலும் எல்லோரும் வெளியேற வேண்டியதுதான். எலக்ட்ரானிக் வகையில் ஒவ்வொரு குழிக்கும் மில்லி செகண்டுக் கணக்கில் நேரம் குறிக்கலாம். வேலைவாய்ப்பை யோசித்தால் ஷாக் டியூப், எலக்ட்ரானிக் இரண்டிலும் பயிற்சி தரும் இடத்தைத் தேடுங்கள்.

வெடிக்காமல் நின்றுபோன குழிதான் இந்தத் தொழிலில் ஆளை எடைபோடும். உடனே போய்ப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவின் உலோகச் சுரங்க, குவாரி விதிகளில், மிஸ்ஃபயர், அதாவது மருந்து வெடிக்காமல் நின்ற சந்தேகம் இருந்தால் திரி முறைக்கு 30 நிமிடம், மின்சாரம் அல்லது ஷாக் டியூபுக்கு 15 நிமிடம், எலக்ட்ரானிக்குக் குறைந்தது 30 நிமிடம் யாரும் உள்ளே போகக் கூடாது. மற்ற நாடுகளில் எண்கள் மாறும், காத்திருப்பு மாறாது. அந்த அரைமணி நேரத்தில் லாரிகள் வரிசையில் நிற்கும், மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், “ஒரு எட்டுப் பார்த்துட்டு வாப்பா” என்று யாராவது சொல்வார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு இந்த வேலை வேண்டாம். இன்னொரு விதியும் உண்டு: முந்தைய வெடியில் மிச்சமான குழியின் அடிப்பகுதியில் மறுபடி துளை போடக் கூடாது. உள்ளே மருந்து மீந்திருக்கலாம். துளை ஏற்கெனவே பாதி இருக்கிறதே என்று உழைப்பை மிச்சப்படுத்தப் போய் இறந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

உடல்நலம் பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்பதில்லை, கேட்க வேண்டும். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்தைத் தொட்டாலோ ஆவியை முகர்ந்தாலோ இரத்தக் குழாய் விரிந்து மண்டை பிளக்கும் தலைவலி வரும். சில நாளில் உடல் பழகிவிடும். விடுமுறை முடிந்து திரும்பினால் தலைவலியும் திரும்பும். இப்போது நைட்ரோகிளிசரின் இல்லாத எமல்ஷன் வகை வெடிமருந்துகள் பெருகிவிட்டதால் இது குறைந்திருக்கிறது. வெடித்தபின் ஆரஞ்சு நிறப் புகை எழுந்தால் அதில் நைட்ரஜன் டை ஆக்சைடு இருக்கிறது. அதைச் சுவாசித்தவர் லேசான இருமலோடு வீட்டுக்குப் போய், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். ஆகவே அன்றே மருத்துவரிடம் போய், என்ன புகை என்பதையும் சொல்ல வேண்டும். துளையிடும் தூசியில் உள்ள சிலிக்கா ஆண்டுக்கணக்கில் சேர்ந்து நுரையீரலைக் கெடுக்கும். என் கணிப்பில், ஒழுங்கான நிறுவனத்தில் சேரும் பிள்ளைக்கு வெடியைவிட இந்தத் தூசிதான் நிஜமான கவலை.

கட்டடம் தகர்ப்பதைக் காணொளியில் பார்த்து மயங்கி வரும் மாணவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: அங்கே இடம் மிகக் குறைவு. பெரும்பாலான கட்டடங்களை இயந்திரங்கள்தான் இடிக்கின்றன. நொய்டாவில் 2022 ஆகஸ்ட் 28 அன்று, சுமார் 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் ஏறக்குறைய 3,700 கிலோ வெடிமருந்தில் 9 நொடிகளில் விழுந்தன. அதற்கு முன் தூண்களில் துளையிடுவதும், வலையும் துணியும் சுற்றுவதும், சுவர்களை அகற்றுவதும் மாதக்கணக்கில் நடந்தன. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1997 ஜூலை 13 அன்று பழைய மருத்துவமனையைத் தகர்த்தபோது, வேடிக்கை பார்க்க மக்களை அழைத்திருந்தார்கள். ஏரிக்கு அக்கரையில், 400 மீட்டருக்கும் மேல் தள்ளி நின்ற 12 வயதுச் சிறுமி, பறந்து வந்த இரும்புத் துண்டு தாக்கி இறந்தாள். இந்தப் பிரிவுக்கு ஆசைப்பட்டால் கட்டமைப்புப் பொறியியல் படிக்கட்டும், அல்லது சில ஆண்டுகள் சுரங்க வெடிவைப்பில் இருந்துவிட்டுப் போகட்டும்.

உள்ளே நுழையும் வழி எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான். துளையிடும் குழுவில் அல்லது வெடிவைப்பவரின் உதவியாளராகச் சேர்ந்து, உரிமம் பெற்றவரின் கண்பார்வையில் வேலை செய்து, பயிற்சி நாட்களுக்குச் சான்று வாங்கி, தேர்வு எழுத வேண்டும். இந்தியாவில் சுரங்கத்தில் வெடிவைப்பதற்கான தகுதிச் சான்று தன்பாத்தில் தலைமையகம் உள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககத்தின் கீழ் வருகிறது. வெடிபொருளை வைத்திருக்கவும் கொண்டுபோகவும் உரிமம் தருவதை நாகபுரியில் உள்ள பெசோ (PESO) என்ற பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு கவனிக்கிறது. அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு வெடிபொருள் வழங்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. ஆஸ்திரேலியாவில் மாநிலத்துக்கு மாநிலம் உரிமம் தனி. ஒரு நாட்டுச் சான்று இன்னொரு நாட்டில் அப்படியே செல்லும் என்று முகவர் சொன்னால் எழுதிக் கேளுங்கள். குற்றப் பின்னணியையும் போதைப் பழக்கத்தையும் பல நாடுகளில் சோதிப்பார்கள். கல்லூரிக் காலத்து அடிதடி வழக்கு ஒன்று கதவை அடைத்துவிடலாம். சுரங்கப் பொறியியல் படித்தவர் வடிவமைப்புப் பக்கம் போகலாம். படிப்பில் நாட்டம் இல்லாதவருக்கு மருந்து கலக்கும் வண்டி ஓட்டுதல், அதிர்வு அளக்கும் கருவி இயக்குதல், கிடங்குக் கணக்கு என்று கிளைகள் உண்டு.

சேருமுன் பிள்ளையே நிறுவனத்திடம் சிலவற்றைக் கேட்கட்டும். வெடிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது யார்? மருந்தும் டெட்டனேட்டரும் தனித்தனிக் கிடங்கில் இருக்கின்றனவா? மாலையில் மீந்தது எண்ணித் திரும்பப் போகிறதா? “மீந்ததை அறையிலேயே வைப்போம்” என்றோ, “வேறொருவர் உரிமத்தில் நீ வேலை செய்” என்றோ பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் திரும்பி வந்துவிட வேண்டும். நல்ல பதில் கிடைத்தால், முதல் நாளுக்கு முன்பே கேட்கும் திறன் சோதனை, நுரையீரல் சோதனை, மார்பு எக்ஸ்ரே, நிறப்பார்வைச் சோதனை எடுத்துவிடுங்கள். ஷாக் டியூப் இணைப்பிகளில் தாமத நேரத்தை நிறத்தால் குறிப்பதுண்டு. நிறக்குருடு இருந்தால் இப்போதே தெரிவது நல்லது. அந்த அறிக்கைகளின் ஒரு நகல் நிறுவனத்திடம் போகட்டும், அசல் வீட்டில் இருக்கட்டும். பத்து ஆண்டு கழித்துக் காது மந்தமானாலோ மூச்சு வாங்கினாலோ, வேலைக்கு முன் எப்படி இருந்தது என்று காட்ட அந்தத் தாள்கள்தான் இருக்கும்.