இணைகிற கணினியில்தான் ஆபத்து: புட்டி 0.83 பதிப்புக்கு மாறும் வாசகருக்கு

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் கொள்முதல் கடை நடத்துகிறோம். மார்த்தாண்டத்தில் ஒரு கிளை உண்டு. இரண்டு இடத்துக் கணக்குகளும் ஒரு வாடகை சர்வரில் இருக்கின்றன. இரண்டு கணினிகளிலும் சர்வருக்குள் நுழையப் புட்டி 0.74-ஐயும், கோப்புகளை அனுப்ப வின்எஸ்சிபி 5.17-ஐயும் பயன்படுத்துகிறோம். சர்வர் நிறுவனம் இயங்குதளத்தை உபுண்டு 22.04-க்கு மாற்றியதிலிருந்து, கடைக் கணினியில் ‘சர்வர் ரெஃப்யூஸ்டு அவர் கீ’ (சர்வர் நம் சாவியை மறுத்தது) என்ற வரியோடு இணைப்பு நின்றுவிடுகிறது. கிளையில் எந்தத் தடங்கலும் இல்லை. கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்நுழைய உதவும் சாவிக்கோப்பு கடையில் கெட்டுவிட்டதாக எண்ணி, கிளையின் சாவிக்கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து பயன்படுத்தலாமா? அல்லது 0.83 பதிப்பை நிறுவ வேண்டுமா? நிறுவினால் சேமித்து வைத்துள்ள இணைப்புகள் அழிந்துவிடுமா? மழைக்காலத்தில் மின்சாரம் போகும்போது கோப்புகள் பாதியில் நிற்பதற்கும் வழி சொல்ல வேண்டும். இரு சாவிக்கோப்புகளின் முதல் வரிகளையும் அனுப்பியுள்ளேன்.

பதில்: கிளையின் சாவியைக் கடைக்குக் கொண்டுவர வேண்டாம். நீங்கள் அனுப்பிய முதல் வரிகளைப் பார்த்தால், கடையின் சாவி ஆர்எஸ்ஏ வகையைச் சேர்ந்தது, அது கெடவில்லை. கிளையின் சாவி 521 என்ற எண்ணில் முடியும் வகையைச் சேர்ந்தது. தடங்கலின்றி இணைந்தாலும் தூக்கி எறிய வேண்டிய சாவி அதுதான். இரண்டு கணினிகளிலும் புதிய பதிப்பை நிறுவ வேண்டும். ஆனால் நிறுவுவதோடு கிளையின் வேலை முடிந்துவிடாது.

முதலில் கடையை எடுத்துக்கொள்வோம். சாவியைக் கொண்டு உள்நுழையும்போது உங்கள் கணினி சர்வருக்கு ஒரு மின்கையொப்பம் இட்டு அனுப்புகிறது. 0.74 பதிப்பு ஆர்எஸ்ஏ சாவியால் கையொப்பமிடும்போது ஒரு கோப்புக்கு அடையாளமாகச் சிறு மதிப்பு ஒன்றைக் கணக்கிடும் ஷா-1 என்ற பழைய முறையை மட்டுமே அறியும். ஒரே ஷா-1 மதிப்பைத் தரும் இரு வேறு கோப்புகளை உண்டாக்க முடியும் என்பது 2017-இல் செய்து காட்டப்பட்டது. அதன் பின், அதனினும் கடுமையான ஒரு தாக்குதலை 50,000 டாலருக்கும் குறைவான செலவில் நடத்த முடியும் என்ற நிலை வந்ததால், சர்வரில் இவ்வகை உள்நுழைவைக் கவனிக்கும் ஓபன்எஸ்எஸ்ஹெச் நிரலின் குழுவினர் 2021 செப்டம்பரில் வெளியிட்ட 8.8 பதிப்பிலிருந்து அவ்வகைக் கையொப்பத்தை ஏற்பதை இயல்புநிலையில் நிறுத்திவிட்டனர். உபுண்டு 22.04-இல் இருப்பது 8.9. ஆகவே சர்வர் மறுப்பது உங்கள் சாவியை அன்று. அந்தச் சாவியைக் கொண்டு உங்கள் பழைய புட்டி போடும் கையொப்பத்தை. ஷா-1-க்குப் பின்வந்த வலுவான ஷா-2 வகைக் கையொப்பத்தைப் புட்டி 2021 மே மாதம் வந்த 0.75 பதிப்பில்தான் கற்றுக்கொண்டது. எனவே 0.83-ஐ நிறுவியவுடன் அதே சாவிக்கோப்பு, எதையும் மாற்றாமலே, கடையில் வேலை செய்யும். சர்வரின் அமைப்பில் ஒரு வரி சேர்த்துப் பழைய கையொப்பத்தையே ஏற்கச் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரு கணினியில் 10 நிமிடத்தில் முடியும் வேலையைத் தவிர்ப்பதற்காகச் சர்வர் முழுவதையும் தளர்த்துவது முறையன்று.

கிளைக் கணினி ஏன் இணைந்தது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. 521 வகைச் சாவி ஷா-1-ஐப் பயன்படுத்துவதில்லை. அதனால் சர்வரின் புதிய கட்டுப்பாடு அதைத் தீண்டவில்லை. ஆனால் அதற்கு வேறொரு நோய் உண்டு. இவ்வகைச் சாவி ஒவ்வொரு முறை கையொப்பமிடும்போதும், ஒரே தடவை பயன்படுத்தி எறியவேண்டிய 521 பிட் நீளமுள்ள மறைவெண் ஒன்று தேவைப்படுகிறது. புட்டி அந்த எண்ணை 512 பிட் மட்டுமே தரும் ஒரு கணக்கின் மூலம் உண்டாக்கி வந்ததால், எண்ணின் முதல் 9 பிட்டுகள் எப்போதும் சுழியாகவே இருந்தன. நாகர்கோவில் தொலைபேசி எண் என்று தெரிந்தால் அது 04652 என்றுதான் தொடங்கும், மீதி இலக்கங்களைத் தேடினால் போதும் என்பதைப் போன்ற நிலை இது. ஒரு கையொப்பத்தை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஏறத்தாழ 60 கையொப்பங்கள் ஒருவர் கையில் சேர்ந்தால், அவற்றிலிருந்து உங்கள் இரகசியச் சாவியையே கணக்கிட்டு எடுத்துவிடலாம்.

இதைக் கண்டறிந்தவர்கள் ஜெர்மனியின் போஹும் நகரில் உள்ள ரூர் பல்கலைக்கழகத்தின் ஃபேபியன் பாய்மர், மார்குஸ் பிரிங்மன் ஆகிய இருவர். புட்டியின் 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகள் அனைத்திலும் இக்குறை இருந்தது; 2024 ஏப்ரல் 15 அன்று வெளிவந்த 0.81-இல் அது திருத்தப்பட்டது. வின்எஸ்சிபி, ஃபைல்ஜில்லா போன்ற கோப்பு அனுப்பும் செயலிகள் புட்டியின் நிரலைத் தம்முள் கொண்டிருப்பதால் அவற்றுக்கும் இக்குறை தொற்றியிருந்தது. வின்எஸ்சிபியில் 6.3.3-உம் ஃபைல்ஜில்லாவில் 3.67.0-உம் திருத்தப்பட்ட பதிப்புகள். உங்கள் 5.17 அதற்கு வெகு முந்தையது என்பதால், புட்டியை மட்டும் மாற்றிவிட்டு வின்எஸ்சிபியை அப்படியே விட்டுவிடக் கூடாது.

திருத்தப்பட்ட பதிப்பு இனிமேல் போடும் கையொப்பங்களைத்தான் சரிசெய்யும். ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கையொப்பங்களைத் திரும்ப வாங்க முடியாது. நாளொன்றுக்கு இரண்டு முறை உள்நுழைந்தாலே ஒரு மாதத்தில் 60 ஆகிவிடும். உங்கள் கிளை அந்த எண்ணிக்கையை எப்போதோ கடந்திருக்கும். வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு அக்கையொப்பம் தெரியாது, ஏனெனில் அது மறையாக்கப்பட்டே செல்கிறது; இணைந்த சர்வரில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். எனவே இன்றிரவே கடையை மூடிவிட்டு ஓட வேண்டிய அவசரம் இல்லை. ஆனால் அந்தச் சர்வரில் என்றாவது அந்நியர் ஒருவர் புகுந்திருந்தால், இதே சாவியை ஏற்கும் வேறு சர்வர்களின் கதவும் அவருக்குத் திறந்துவிடும். இந்த வாரத்துக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை இது.

இனி நிறுவும் முறை. புட்டியைத் தேடும்போது பட்டியலின் மேலே விளம்பரமாக வருவதைச் சொடுக்காதீர்கள். நச்சுநிரல் கலந்த போலிப் புட்டிகள் அவ்வழியாகப் பரப்பப்பட்டதுண்டு. இறக்கிய கோப்பின் பண்புகளைத் திறந்து, மின்கையொப்பப் பகுதியில் அதன் ஆசிரியரான சைமன் டாட்டமின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பின்பே நிறுவுங்கள்.

சேமித்த இணைப்புகள் அழியா. புட்டி அவற்றைத் தன் கோப்புறையில் வைப்பதில்லை. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில், உள்நுழைந்திருக்கும் பயனருக்குரிய பகுதியில் ‘சாஃப்ட்வேர்’ என்பதன் கீழ், சைமன் டாட்டமின் பெயரில் வைத்திருக்கிறது. நிறுவும் நிரல் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. ஆயினும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து ரெஜிஸ்ட்ரியின் அந்தப் பகுதியை ஏற்றுமதி செய்து ஒரு நகல் வைத்துக்கொள்வது நல்லது. அதில் சர்வர் முகவரிகளும் பயனர் பெயர்களும் இருக்கும். உள்நுழைவுக் கடவுச்சொல் இராது, புட்டி அதைச் சேமிப்பதே இல்லை. கணினியில் வேறு பயனர் பெயரில் நுழைந்து பார்த்துவிட்டு இணைப்புகள் அனைத்தும் போய்விட்டன என்று அலறுவோரை நான் பலமுறை கண்டிருக்கிறேன். போகவில்லை, அவை அடுத்த பயனரின் அறையில் இருக்கின்றன.

இன்னொரு பொறி உண்டு. பழைய புட்டி 32 பிட் வகையாகவும் புதியது 64 பிட் வகையாகவும் இருந்தால் இரண்டும் வெவ்வேறு கோப்புறைகளில் அமர்ந்துகொள்ளும். டெஸ்க்டாப்பில் உள்ள குறுக்குவழி பழையதையே திறந்துகொண்டிருக்கும். யாரோ எப்போதோ நகலெடுத்துப் போட்ட தனிக்கோப்பாகவும் ஒரு புட்டி டெஸ்க்டாப்பில் கிடக்கலாம். எனவே நிறுவிய பின், ‘அபவுட்’ பொத்தானை அழுத்திப் பதிப்பெண் 0.83 என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். காட்டாவிடில் பழையவற்றைத் தேடி நீக்குங்கள்.

இரு கணினிகளிலும் புதிய பதிப்பு வந்த பிறகே புதிய சாவி செய்ய வேண்டும். இந்த வரிசை முக்கியம். சாவிக்கோப்பின் முதல் வரியில் வகைப்பெயருக்கு முன்னால் 2 அல்லது 3 என்ற எண் இருக்கும். அது கோப்பின் வடிவத்தைக் குறிக்கிறது. புட்டியோடு வரும் சாவி உண்டாக்கும் நிரலான புட்டிஜென், 0.75 முதல் 3 என்ற புதிய வடிவத்தில் சேமிக்கிறது; 0.74 அதைப் படிக்காது. கிளைக் கணினியில் புட்டிஜென்னைத் திறந்து, எட்25519 வகையைத் தேர்ந்து, கடவுச்சொற்றொடர் ஒன்றும் கொடுத்துச் சாவியை உண்டாக்குங்கள். சாவியின் வெளியே தரக்கூடிய பாதியான பொதுச் சாவியைச் சர்வரில் சேர்க்கும்போது ‘சேவ் பப்ளிக் கீ’ பொத்தானை அழுத்தாதீர்கள். அது பல வரிகளாக உடைந்த வேறொரு வடிவத்தில் சேமிக்கும், உங்கள் சர்வர் அதை ஏற்காது. சாளரத்தின் மேற்பெட்டியில் தெரியும் எழுத்துகள் முழுவதையும் நகலெடுத்து, உள்நுழைய அனுமதித்த சாவிகளைப் பட்டியலிடும் சர்வரின் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பில் ஒரே வரியாக ஒட்ட வேண்டும்.

திறந்திருக்கும் பழைய இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இரண்டாவது சாளரத்தில் புதிய சாவியால் உள்நுழைந்து பாருங்கள். வெற்றி பெற்ற பின்பே 521 என்ற எண் உள்ள பழைய வரியை அக்கோப்பிலிருந்து நீக்குங்கள். நீக்கும் வரை ஆபத்து தீர்ந்ததாகாது. அந்தச் சாவியை வேறெங்கெல்லாம் பதிந்திருக்கிறீர்களோ அங்கெல்லாம் இதைச் செய்ய வேண்டும். பென் டிரைவில் உள்ள நகலையும் அழித்துவிடுங்கள்.

சர்வரைப் புதிதாக நிறுவியிருந்தால், அதன் அடையாளச் சாவி மாறிவிட்டது என்று புட்டி ஓர் எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டக்கூடும். புட்டியைப் புதுப்பித்ததனால் மட்டும் அந்தப் பெட்டி வராது. வந்தால் மறுமுனையில் ஏதோ மாறியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு ஏற்காமல், சர்வர் நிறுவனத்தாரைத் தொலைபேசியில் அழைத்துக் அந்தச் சாவியின் கைரேகை எனப்படும் சுருக்க எழுத்துகளை வாசிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். 0.74-இல் இவ்வொப்பீடு பெரும்பாலும் குழப்பத்தில் முடியும். பழைய புட்டி இரண்டிரண்டாகப் பிரிந்த 16 இணைகளைக் காட்டும், அவர்களோ ஷா-256 என்று தொடங்கும் நீண்ட சரத்தை வாசிப்பார்கள். 0.75-க்குப் பிந்தையவை அதே நீண்ட சரத்தைக் காட்டுவதால் நேராக ஒப்பிடலாம்.

0.83-இல் புதிதாக என்ன என்று கேட்டால், வருங்காலக் குவாண்டம் கணினிகளுக்கும் ஈடுகொடுக்கும் எம்எல்-கெம் என்ற சாவிப் பரிமாற்ற முறை பெரிதாகச் சொல்லப்படும். உங்கள் சர்வரில் உள்ள ஓபன்எஸ்எஸ்ஹெச் 8.9 பதிப்புக்கு அது தெரியாது. ஆகவே இப்போதைக்கு உங்களுக்கு அதனால் பயனில்லை.

மின்தடைக்கு வருவோம். நமது மாவட்டத்தில் இரு பருவமழையும் பெய்வதால் இச்சிக்கல் ஆண்டில் பாதி நாள் உண்டு. கோப்பு அனுப்ப வின்எஸ்சிபியில் எஸ்எஃப்டிபி முறையைத் தேர்ந்திருந்தால், 100 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை அது ‘ஃபைல்பார்ட்’ என்ற தற்காலிகப் பின்னொட்டுடன் எழுதி, முழுவதும் சேர்ந்த பிறகே உரிய பெயரை வைக்கும். மின்சாரம் திரும்பியதும் அதே கோப்பை மீண்டும் அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து தொடரட்டுமா என்று கேட்கும். இதன் பெரிய நன்மை, சர்வரில் உள்ள கணக்கு நிரல் பாதிக் கோப்பை முழுக் கோப்பென்று எண்ணி எடுத்துக்கொள்ள மாட்டாது என்பதே. புட்டியோடு வரும் கோப்பு அனுப்பும் நிரலான பிஎஸ்எஃப்டிபியைப் பயன்படுத்துவோர், அனுப்புவதைத் தொடர ‘ரீபுட்’, எடுப்பதைத் தொடர ‘ரீகெட்’ என்ற கட்டளைகளைக் கொடுக்கலாம். புட்டியோடு வரும் மற்றொரு கோப்பு அனுப்பும் நிரலான பிஎஸ்சிபியில் தொடரும் வசதி இல்லை. டெர்மினலில் ஓடும் மாதக்கணக்கு போன்ற நீண்ட வேலைகளைச் சர்வரில், இணைப்பு அறுந்தாலும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் என்ற நிரலுக்குள் தொடங்குங்கள். குலசேகரத்தில் விளக்கு அணைந்தாலும் சர்வரில் வேலை ஓடிக்கொண்டிருக்கும், பிறகு வந்து மீண்டும் அதனோடு சேர்ந்துகொள்ளலாம்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். ‘ஒட்டுப்பால்’ என்பது கண்ணுக்கு 6 எழுத்து; ஆனால் புள்ளியும் துணையெழுத்தும் தனித்தனியாக எண்ணப்படுவதால் கணினிக்கு அது 11 குறிகள், ஒவ்வொன்றும் 3 பைட் ஆக 33 பைட். லினக்ஸ் சர்வரில் ஒரு பெயரின் உச்சவரம்பு பொதுவாக 255 பைட், அதாவது 85 தமிழ்க் குறிகள். விண்டோஸ் குறிகளைக் கணக்கிடுவதால் அங்கே இதன் மும்மடங்கு நீளத்துக்கு இடமுண்டு. கொள்முதல் விவரம், தேதி, ஊர் எல்லாவற்றையும் பெயரிலேயே எழுதிய கோப்பு ஒன்று ஏற மறுத்தால், சாவியையோ பதிப்பையோ சந்தேகிக்கும் முன் பெயரைச் சுருக்கிப் பாருங்கள். புட்டியின் திரையில் தமிழ்ப் பெயர்கள் சிதறித் தெரிந்தால், அவ்விணைப்பின் ‘ட்ரான்ஸ்லேஷன்’ பகுதியில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவும்; பழைய இணைப்புகள் தம் பழைய அமைப்பையே புதிய பதிப்பிலும் தொடரும். அதன் பிறகும் எழுத்துகள் முழுமையாகக் கூடாமல் தெரியலாம். எழுத்துக்கொரு கட்டம் என்ற டெர்மினலின் கணக்கில் தமிழ் அடங்குவதில்லை, கோப்புக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.