மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடு: சூடும் குறைய வேண்டும், கரண்ட் பில்லும் குறைய வேண்டும். வழி உண்டா?

கேள்வி: சென்னையில் மேல்தளத்தில் இருக்கிறோம். ராத்திரி 11 மணிக்கும் அறை தகிக்கிறது. ஏ.சி.யை 18-ல் வைத்தாலும் குளிரவில்லை. பில் 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. ஏர் கூலர் வாங்கலாமா?

ஏ.சி.யை அப்புறம் பார்ப்போம். ராத்திரி 9 மணிக்கு ஸ்டூலில் ஏறி சீலிங்கில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு உள்சுவரில் வையுங்கள். சீலிங் நன்றாகவே சுட்டால் குற்றவாளி கான்கிரீட் தளம்தான். பகலெல்லாம் வாங்கிய வெயிலை அது பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே இறக்கும். உங்கள் ஏ.சி. அந்தத் தளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

மலிவான வைத்தியம், மொட்டை மாடித் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பது. நீர்த்த சுண்ணாம்பு 5 கிலோ, வெள்ளை சிமென்ட் 1 கிலோ, டிடிஎல் ஃபெவிகால் அரை கிலோ. தண்ணீரை 10 லிட்டரில் தொடங்கி, நீர்மோர் பதம் வரும்வரை சேர்த்து வடிகட்டுங்கள். கல் சுண்ணாம்பாக வாங்கினால் முந்தின நாளே நீர்க்க வைக்க வேண்டும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

தளத்தைத் தேய்த்துக் கழுவி, பாசியைச் சுரண்டி, விரிசல் இருந்தால் அடைத்துவிடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தளத்தை லேசாக நனைத்துவிட்டு ஒரு கோட் அடியுங்கள். மறுநாள் மாலை குறுக்குவாக்கில் இரண்டாவது கோட். மத்தியானம் அடித்தால் சுடுகிற தளம் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடும். மேலே நடந்தால் காலில் மாவாக ஒட்டிக்கொண்டு வரும். "சுண்ணாம்பு நிற்கவே இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இப்படி அடித்தவர்கள்தான். அறையில் 2 முதல் 4 டிகிரி குறைவதை எதிர்பார்க்கலாம். வடகிழக்குப் பருவமழையில் கரைந்துபோகும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அது ஒத்துவராவிட்டால் வெயிலைத் திருப்பியடிக்கும் கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கலாம். சில வருஷம் தாங்கும். ஆனால் ஓதம் இருக்கிற தளத்தில் அடித்தால் கொப்புளம் கிளம்பி உரிந்துவிடும். எது அடித்தாலும் தூசி படிந்தால் பலன் குறையும், மாதம் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

மேற்கு ஜன்னலுக்கு மறைப்பு வெளியே இருக்க வேண்டும்: மூங்கில் தட்டியோ பச்சை வலையோ போதும். உள்ளே திரை போட்டால், அதை எட்டும் முன்பே சூடு கண்ணாடியைத் தாண்டி வந்துவிடும். காலை 9 மணிக்கு ஜன்னல்களைச் சாத்தி, கடல்காற்று ஏறிய பிறகு திறங்கள். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் கடல்காற்று தாமதமாகத்தான் வரும், சாயங்காலம்வரை சாத்தியே வையுங்கள்.

இனி ஏ.சி. 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிராது, கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், அவ்வளவுதான். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். வெளி யூனிட்டுக்கு நிழல் கொடுக்கலாம், ஆனால் பெட்டிபோல அடைக்கக் கூடாது; விட்ட அனலையே திரும்ப இழுக்கும்.

இரண்டு மாத பில்லில் 500 யூனிட் என்பது முக்கியமான கோடு. 501-வது யூனிட்டுக்கு மட்டும்தான் விலை ஏறும் என்று நினைக்காதீர்கள், 101 முதல் 200 வரைக்கான மலிவு விலையும் கைவிட்டுப் போய்விடும். ரீடிங் எடுத்த நாளில் மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். 30-வது நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால் அப்போதே சுதாரித்துக்கொள்ளலாம்.

பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் (கரண்டைக் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது) 30 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே 40 யூனிட் மிச்சம். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேர் இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபேனுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு கெட்டுப்போகலாம்.

ஏர் கூலர்? சென்னைப் புழுக்கத்தில் வேண்டாம், கசகசப்புதான் கூடும். வேலூர், திருச்சி மாதிரி வறண்ட காற்றுள்ள ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் நன்றாகவே வேலை செய்யும், அதுவும் ஜன்னலைத் திறந்து வைத்தால்.